மேயர் பதவியேற்பும் மக்கள் கடனும்

2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4ஆம் நாள், அன்று பள்ளி மாணவனாயிருந்த யான், என் பெரியப்பாவுடன் சென்னை ரிப்பன் மாளிகைக்குச் சென்றிருந்தேன். திருமதி ஆர். பிரியா அவர்கள் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பெற்று, மாநகராட்சியின் மேயராகப் பதவியேற்ற நாள் அது. அவர்க்கு அப்போது வயது 28. தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோர்க்குப்பின் அப்பதவியை எய்திய மூன்றாம் பெண்மணி அவர். தாழ்த்தப்பட்ட சமூகத்தினின்று எய்திய முதற் பெண்மணியும் அவரே. மண்டபத்தினுள் எங்கட்கு இடமில்லை. வெளியே கட்சிக் கொடிகளுக்கிடையே நின்றோம். அருகில் நின்ற மூதாட்டி ஒருவர், "இனித் தெருவிளக்கு எரியாவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவதென்று தெரியும், தம்பி" என்றார். அம்மொழி இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

அவர் அங்ஙனம் கூறியது காரணம்பற்றியே. முந்தைய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுக்கு மேலாகச் சென்னைக்கு மேயருமில்லை, கவுன்சிலருமில்லை. கொள்ளைநோய் பரவிய 2020லும், மழைநீர் தெருக்களைச் சூழ்ந்த 2021 நவம்பரிலும் நிலை அதுவே. மன்றத்தின் காலம் முடியுமுன்னரே தேர்தல் நடத்துக என்பது, 1993 முதல் நடைமுறையிலுள்ள 74ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தின் ஆணை. வழக்குகளும் வார்டு மறுவரையறையும் தடையாகச் சொல்லப்பட்டன. அ. தி. மு. க. ஆட்சியில் தொடங்கிய இத்தாமதம், 2021இல் தி. மு. க. ஆட்சிக்கு வந்தபின்னும் சில திங்கள் நீடித்தது. ஆதலின் ஒரு கட்சியை மட்டும் குறைகூறி அமைதல் ஆகாது. மாநில உரிமையைத் தில்லி கவர்கின்றதென முழங்கும் நம் கட்சிகள், நகரங்கட்குத் தாம் அளிக்கவேண்டிய உரிமையை நினைப்பது அரிது. 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மக்கள் நேரே தேர்ந்த மேயரை, 2006லும் 2022லும் கவுன்சிலர்களே தேர்ந்தமையும் நோக்கத்தக்கது.

உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்தோதாத மேடை நம் நாட்டில் அரிது. முதற் பராந்தக சோழன் காலத்தில் அவ்வூரார் 30 குடும்புகளாகப் பிரிந்து, குடவோலை வாயிலாக ஆண்டுதோறும் வாரியத்தாரைத் தேர்ந்தனர். கணக்குக் காட்டாதாரையும் அவர்தம் சுற்றத்தாரையும் விலக்கினர். ஆயினும் அக்குடத்துள் பெண்டிர் பெயரில்லை, நிலமில்லாதார் பெயருமில்லை. யாம் கண்ட மேயரின் பெயர் அதனுள் ஒருநாளும் விழுந்திராது. சட்டம் அவ்விடத்தைத் தாழ்த்தப்பட்ட பெண்டிர்க்கென ஒதுக்கியமையாலன்றோ அவ்வாயில் திறந்தது? வாயிலை அகலத் திறந்தது நம் பெருமை. ஆண்டுக்கணக்கிற் பூட்டிவைத்தது நம் சிறுமை.

கவுன்சிலரினும் அலுவலரே செவ்விதின் ஆள்வர் என்பாரும் உளர். திறமை மிக்க அலுவலர் பலர் என்பதை யானும் மறுக்கிலேன். மேயர் இருக்குங்காலும் நிருவாக அதிகாரத்தில் பெரும்பகுதி ஆணையாளரிடமே உள்ளது. எனினும் அலுவலர் மேலிடத்துக்கு விடை கூறுபவர். ஆணை வரின் வேறூர் செல்பவர். கவுன்சிலரோ ஐந்தாண்டு கழித்து அதே தெருவிற்கு வந்து கைகூப்பி நிற்றல் வேண்டும். அந்நாணமே மக்களாட்சியின் காவல்.

குறை ஆள்வோரிடம் மட்டுமன்று. நெடுங்காலம் காத்திருந்து பெற்ற அத்தேர்தலிற் சென்னையில் வாக்களித்தோர் பாதிக்கும் குறைவு! கற்றோர் வாழும் நகரிற்கு இது அழகாகுமா? அம்மன்றத்தின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைவுறும். நம்மிற் பலர்க்கு அதுவே நகர்மன்றத்திற்கு அளிக்கும் முதல் வாக்காகும். உரிய காலத்தில் தேர்தலைக் கேட்பதும், வருங்கால் சோம்பாது சென்று வாக்களிப்பதும் மாணவராகிய நம் கடன். அம்மூதாட்டி தட்டும் கதவுக்குப் பின்னே எந்நாளும் ஒருவர் இருத்தல் வேண்டும்.