காலுக்கு டோக்கன் உண்டு, தலைக்கு இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. வெயில் தாழ்ந்த பிறகு படியுங்கள்.

போன வாரம் நம் பள்ளிக் குழுவில் ஒரு படம் சுற்றியது. ஸ்கூட்டர் கண்ணாடியில் ஹெல்மெட் தொங்குகிறது, ஓட்டுகிறவர் தலை வெறுமையாக இருக்கிறது. அடியில் "நம்ம ஆளுங்க திருந்தவே மாட்டாங்க" என்று ஒரு வரி, அதற்குக் கீழே சிரிக்கும் பொம்மைகள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் ஹெல்மெட் வாங்கியிருக்கிறார், வீட்டிலிருந்து எடுத்தும் வந்திருக்கிறார். வழியில் நாலு இடத்தில் இறங்கி ஏற வேண்டியவர் அதை என்ன செய்வார் என்று உங்களில் யாராவது கேட்டீர்களா?

ஹெல்மெட் வேண்டாம் என்று டீச்சர் சொல்வதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். சரியாக மாட்டிய ஹெல்மெட், விபத்தில் சாகும் வாய்ப்பை ஏறக்குறைய 40 விழுக்காடும், தலைக் காயத்தை ஏறக்குறைய 70 விழுக்காடும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஹெல்மெட் இல்லாமல் விபத்தில் இறந்தவர்கள் 50,029 பேர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். இத்தனை பெரிய விஷயம் என்பதால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. இவ்வளவு முக்கியமான பொருளுக்கு, வண்டியை விட்டு இறங்கியதும் வைக்க இடம் கிடையாது.

சட்டத்தைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 129: ஹெல்மெட் கட்டாயம். தமிழ்நாட்டில் 2007இல் ஒருமுறை தீவிரமாகப் பிடித்தார்கள், பிறகு விட்டார்கள். உயர் நீதிமன்றம் சொல்லி 2015 ஜூலை 1 முதல் மறுபடி கட்டாயம் ஆனது. அந்த ஜூன் மாதம் ஹெல்மெட் கடை வாசல்களில் ரேஷன் கடை போல வரிசை நின்றது பலருக்கு நினைவிருக்கும். 2022 அக்டோபரில் அபராதம் 100 ரூபாயிலிருந்து 1000 ரூபாய் ஆனது. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும். ஆக ஒரு வண்டிக்கு இரண்டு ஹெல்மெட். வண்டியின் டிக்கியிலோ ஒன்றே முட்டிக்கொண்டுதான் நுழையும், அதுவும் அரை முகத்து ஹெல்மெட்டாக இருந்தால். மழைக்கோட்டு ஒன்று உள்ளே கிடந்தால் அதுவும் போச்சு.

இதே சட்டத்தின் கீழ் வந்த மத்திய விதிகளில் 123ஆம் விதி என்று ஒன்று இருக்கிறது. பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானக் கம்பி வேண்டும், கால் வைக்கப் படி வேண்டும், சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு வேண்டும். இவை இல்லாமல் வண்டி செய்யவே கூடாது. சேலைக்காக வண்டிக் கம்பெனியை வழிக்குக் கொண்டுவர முடிந்த அரசுக்கு, தலைக்காக இரண்டு கொக்கி கேட்க வாய் வரவில்லை! வண்டி விற்கும்போதே ஹெல்மெட்டும் தர வேண்டும் என்று 138ஆம் விதி சொல்கிறது. கொடுத்ததைப் பூட்டி வைக்க ஓர் இடம் தர வேண்டும் என்று ஏன் சொல்லக் கூடாது?

காவல் துறையில் இருக்கும் என் மாணவன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "கையிலே எடுத்துக்கிட்டுப் போங்க டீச்சர், அவ்வளவுதானே" என்றான். தம்பி, நீ ரேஷன் கடைக்குப் போய் எத்தனை வருஷம் ஆச்சு? ஒரு கையில் அரிசிப் பை, ஒரு கையில் எண்ணெயும் பருப்பும், தோளில் கைப்பை. ஹெல்மெட்டை எந்தக் கையில் பிடிப்பது? நகைக்கடைக்கும் ஏ.டி.எம்.முக்கும் போனால் "ஹெல்மெட் அணிந்து உள்ளே வராதீர்கள்" என்று ஒட்டியிருக்கிறார்கள். அது நியாயம்தான், பாதுகாப்புக்காக. ஆனால் கழற்றியதை வைக்க வாசலில் ஓர் ஆணிகூட இருக்காது. வேதகிரீஸ்வரர் மலைக்கு ஐந்நூறுக்கு மேல் படி. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு, அர்ச்சனைத் தட்டையும் ஏந்தியபடி ஏறிப் பாருங்கள், தெரியும்.

கோயில் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எந்தப் பெரிய கோயிலுக்குப் போனாலும் வாசலில் செருப்பு வைக்கும் இடம் உண்டு. மரத் தட்டு, எண் போட்ட டோக்கன், பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இருநூறு ரூபாய்ச் செருப்புக்கு இவ்வளவு மரியாதை. தலையைக் காப்பாற்றும் பொருள் மட்டும் தெருவில் வெயிலில் கிடக்கும். அந்தத் தட்டுக்கு மேலே இன்னும் இரண்டு தட்டு அடிக்க என்ன செலவாகும்?

இதனால் என்ன நடக்கிறது தெரியுமா? இதுதான் எனக்குப் பெரிய கவலை. என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் நல்ல ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட முழுமுக ஹெல்மெட் வைத்திருந்தார். கல்யாண மண்டப வாசலில் வண்டியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனவர் திரும்பி வந்தபோது வண்டி இருந்தது, ஹெல்மெட் இல்லை. இன்னொன்று வாங்கினார். அது ஆஸ்பத்திரி வாசலில் போயிற்று. மூன்றாவதாகச் சாலையோரத்தில் குவித்து விற்கும் தொப்பி ஒன்றை வாங்கிக்கொண்டார். "இது போனா போகட்டும் டீச்சர், எவனும் எடுக்க மாட்டான்" என்கிறார். எவனும் எடுக்கமாட்டான், சரி. உள்ளே விரலால் அழுத்தினால் வெறும் பஞ்சு. 2021 ஜூன் முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே கூடாது. இருந்தும் விற்கிறது, ஏனென்றால் திருட்டுக்குப் பயந்தவன் அதைத்தான் தேடி வாங்குகிறான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் போகும் வேகத்தில் அந்தத் தொப்பியோடு அவர் போவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அபராதம் போடுகிறவருக்கு அது ஹெல்மெட். தார்ச் சாலைக்கு அது ஹெல்மெட் இல்லை.

அடுத்து வெயில். அக்னி நட்சத்திரம் இன்னும் தொடங்கவே இல்லை, அதற்குள் நம் கடற்கரைப் புழுக்கம் இப்படி. "போட்டால் வேகுது" என்கிறீர்கள். போட்டால் வேர்க்கும், உண்மைதான். ஆனால் பாதி வேக்காடு, அரை மணி வெயிலில் காய்ந்த கறுப்பு மெத்தையை மறுபடி தலையில் கவிழ்ப்பதால் வருவது. அறிவியல் டீச்சரிடம் மாட்டிக்கொண்டீர்கள், கேளுங்கள். ஹெல்மெட்டின் உயிர் வெளி ஓட்டில் மட்டும் இல்லை. உள்ளே துணிக்குப் பின்னால் வெள்ளையாக இருக்கிறதே, அது தெர்மாகோல். நம் குப்பத்தில் ஐஸ் போட்டு மீன் அடுக்கும் பெட்டியின் பங்காளி, இன்னும் கெட்டியாக அழுத்தியது. விழும்போது அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் பழையபடி எழும்பாது. மீன் பெட்டியில் பெட்ரோல் சிந்தினால் பள்ளமாகக் கரையுமே, அதே குணம் இதற்கும் உண்டு. பல ஸ்கூட்டர்களில் பெட்ரோல் ஊற்றும் வாய் சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அதன் பக்கத்திலேயே டிக்கி, கீழே எஞ்சின் சூடு. மே மாதத்தில் டிக்கியில் சாக்லேட் வைத்துப் பாருங்கள். மிகவும் சூடான இடத்தில் ஹெல்மெட்டை வைக்காதீர்கள் என்று செய்கிற கம்பெனிகளே சொல்கின்றன. சரி, டிக்கி வேண்டாம் என்று கண்ணாடிக் கம்பியில் கவிழ்த்தால், அந்த முனை நாள்தோறும் உள்ளே ஒரே இடத்தில் குத்துகிறது. சீட்டின் மேல் வைத்தால் காற்றுக்கு உருண்டு விழும். வைக்க வேண்டியது நிழலில், காற்றோட்டமாக, தட்டையான பலகையில்.

"ஒரு பூட்டு வாங்கிக்கோங்க" என்று எழுத இப்போதே விரல் துடிப்பவர்களுக்கு: வாங்கியிருக்கிறேன். எண் பூட்டு உள்ள மெல்லிய கம்பி வடம். அதைத் தாடைப் பட்டையில் கோக்காதீர்கள், பிளேடால் ஒரு இழுப்பில் அறுத்துவிடுவான். முழுமுக ஹெல்மெட்டாக இருந்தால் வாய்ப் பக்கத்துத் திறப்பு வழியாக விட்டு வண்டிக் கம்பியோடு பூட்டுங்கள். சில வண்டிகளில் சீட்டைத் தூக்கினால் கீல் ஓரத்தில் சின்னக் கொக்கி இருக்கும். பட்டையில் இரும்பு வளையம் இருந்தால் அதில் மாட்டிச் சீட்டை அழுத்திப் பூட்டலாம். இப்போது வருகிற பிளாஸ்டிக் சொடுக்குப் பட்டைகளில் மாட்ட வளையமே இருப்பதில்லை. மேலும் இது சட்ராஸ். உப்புக் காற்றில் மலிவான எண் பூட்டு ஒரு மழைக்காலம் தாண்டினால் பெரிது. பூட்டு திருடனுக்குத்தான், வெயிலுக்கு இல்லை. முக்கியமாக, எல்லாவற்றையும் ஓட்டுகிறவன் தலையிலேயே கட்டுவதை எப்போது நிறுத்தப் போகிறீர்கள்?

காசு வாங்கும் வண்டி நிறுத்தங்களையும் சும்மா விடுவதற்கில்லை. சீட்டின் பின்னால் "ஹெல்மெட்டுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். டில்லியில் ஒரு பெரிய ஹோட்டலில் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் 1998இல் திருடு போன வழக்கில், உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது: உரிமையாளர் பொறுப்பு என்று சீட்டில் எழுதிவிட்டால் மட்டும் தங்கள் அலட்சியத்திலிருந்து தப்பிவிட முடியாது. அது சாவியை ஒப்படைத்த காருக்கான தீர்ப்பு, நம் ஸ்டாண்டுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாள் வாடகை வாங்குகிறவர் ஒரு தகரக் கூரையும் ஓர் அலமாரியும் போடட்டும், ஹெல்மெட்டுக்குத் தனியாக இரண்டு ரூபாய் வேண்டுமானாலும் வாங்கட்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

புதுப்பட்டினம் கடைத்தெருவில் கடை வைத்திருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக ஒரு வீட்டுப்பாடம். கல்லாவுக்குப் பக்கச் சுவரில் ஒரு பலகை, கீழே ஆறு கொக்கி. வாசலில் "ஹெல்மெட்டை இங்கே வைக்கலாம்" என்று எழுதுங்கள், "உள்ளே வராதீர்கள்" என்பதை அதற்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள். மண்டபம் நடத்தும் உறவினர் ஒருவரும் இதைப் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். செருப்பு விடும் இடத்துக்கு ஆள் போட்டிருக்கிறீர்கள், அதே ஆளிடம் இதையும் ஒப்படையுங்கள்.

மே 1 கிராம சபைக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ரேஷன் கடை வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் நிழலோடு ஹெல்மெட் தட்டு வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது. இங்கே "அருமை டீச்சர்" என்று எழுதிவிட்டுப் போகாமல், கையெழுத்துப் போட வீட்டுக்கு வாருங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். ஹெல்மெட்டோடு வாருங்கள். திண்ணையில் பலகை அடித்தாயிற்று.