அரிசியில் ஏற்றிய இரும்பு

நியாயவிலைக் கடைகளில் சர்க்கார் வழங்கும் அரிசியில் இரும்புச் சத்து, போலிக் அமிலம், பி12 என்னும் ஜீவசத்து ஆகிய மூன்றையும் சேர்ப்பது பற்றி நாட்டில் சில வருஷங்களாக விவாதம் நடந்து வருகிறது. 2021 ஆகஸ்டு 15ந் தேதி டில்லிச் செங்கோட்டையிலிருந்து பிரதம மந்திரி இந்த யோசனையை வெளியிட்டார். 2022 ஏப்ரலில் மத்திய மந்திரி சபை சம்மதம் அளித்தது. 2024 அக்டோபரில், 17,082 கோடி ரூபாய்ச் செலவில் 2028 டிசம்பர் வரை இதைத் தொடருவதென்று தீர்மானமாயிற்று. சர்க்கார் திட்டங்கள் இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் மாறக்கூடியவை. ஆனால் இத்திட்டத்துக்கு அடியிலே ஒரு கேள்வி இருக்கிறது. திட்டம் மாறினாலும் அது மாறாது. ஏழையின் ஆகாரத்திலுள்ள குறையை ஆகாரத்தால் தீர்ப்பதா, மருந்தால் தீர்ப்பதா என்பதே அக்கேள்வி.

குறை இருப்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்திய ஸ்திரீகளில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகையுள்ளவர்கள். நான்கு வருஷங்களுக்கு முந்திய ஆய்விலோ அது 53. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே 59லிருந்து 67க்கு ஏறியிருக்கிறது. விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தைச் சோதித்த கணக்கு இது என்றும், நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதித்த 2016-18ஆம் வருஷத்து ஆய்வில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளுக்குச் சுமார் 41 தான் வந்தது என்றும் சில நிபுணர்கள் ஆட்சேபிக்கிறார்கள். ஆட்சேபணையில் நியாயம் உண்டு. ஆனால் குறைந்த கணக்கையே ஒப்புக்கொண்டாலும் ஐந்து குழந்தைகளில் இரண்டு வெளுத்துப் போயிருக்கின்றன. இரும்பு மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 1970ஆம் வருஷத்திலேயே ஆரம்பமாயிற்று. அரை நூற்றாண்டு மாத்திரை கொடுத்த பிறகு இதுதான் நிலைமை.

அரிசியைப் பற்றிய இந்த வழக்கு புதிதன்று. நூற்று முப்பது வருஷங்களுக்கு முன்பே ஜாவாத் தீவில் அது விசாரணைக்கு வந்து, தீர்ப்பும் ஆகிவிட்டது. அங்கே பெரிபெரி என்னும் வியாதியால் சிப்பாய்களும் கைதிகளும் கால் மரத்து, உடல் வீங்கி மடிந்துகொண்டிருந்தார்கள். கிருமியைத் தேடிக்கொண்டிருந்த ஐக்மன் என்ற டச்சு வைத்தியர், தம்முடைய கோழிகளுக்கும் அதே மாதிரி கால் விளங்காமற் போனதைக் கண்டார். சில மாதங்களில் கோழிகள் தாமாகவே குணமடைந்தன. காரணம் வேடிக்கையானது. இடையில் கோழிகளுக்கு இராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டு வந்ததாம். புதிதாக வந்த சமையற்காரன், சிப்பாய்களுக்குரிய சோற்றைச் சிவில் கோழிகளுக்குப் போட மாட்டேன் என்று நிறுத்திவிட்டானாம். அந்த மனிதனுடைய சட்ட நுணுக்கத்தால் வைத்திய சாஸ்திரத்துக்கு ஒரு கதவு திறந்தது! பிறகு 1897ல் வோர்டர்மன் என்பவர் ஜாவாவில் நூறு சிறைகளுக்கு மேல் சோதித்து, தீட்டிய அரிசி போடும் சிறைகளில் பெரிபெரி மலிந்தும், தீட்டாத அரிசி போடும் சிறைகளில் அபூர்வமாகவும் இருப்பதைக் காட்டினார். தவிட்டோடு போவது உயிருக்கு அவசியமான ஒரு வஸ்து என்பது இவ்வாறு நிலைநாட்டப்பட்டது. அத்தகைய வஸ்துக்களுக்கு 1912ல் பங்க் என்ற ரஸாயன நிபுணர் வைட்டமின் என்று பெயரிட்டார். 1929ல் ஐக்மனுக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

இதில் நம்முடைய மாகாணத்துக்கும் பங்கு உண்டு. 1918ல் குன்னூரில் மக்காரிஸன் என்ற வைத்தியர் பெரிபெரி விசாரணைக்கென்று ஒரு சிறு பரிசோதனைச் சாலை அமைத்தார். அதுவே வளர்ந்து, 1958ல் ஹைதராபாத்துக்குப் போய், தேசியப் போஷாக்கு ஸ்தாபனமாக விளங்குகிறது. சென்னை மாகாணத்தில் பெரிபெரி, தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் இருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்கள் பெரும்பாலும் தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளே இறங்கிவிடுவதே காரணம். நெல் அவித்த நம்முடைய பாட்டிமார் எந்தப் பட்டமும் பெறாதவர்கள். காரணம் தெரியாமலே காரியத்தைச் சரியாகச் செய்தார்கள்.

இதைச் சொல்லி மார்தட்டுவதற்கு முன் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே மக்காரிஸன், இந்தியாவின் பல பிரதேசத்தார் உண்ணும் ஆகாரங்களை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் உண்பதைத் தின்ற எலிகள் கொழுத்து வளர்ந்தன. வரிசையில் கடைசியாக நின்றவை சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை. சோறு மலையாகவும், அதன்மேல் குழம்பு பெயரளவுக்கும் என்ற நம்முடைய வழக்கத்துக்கு எலிகள் சொன்ன சாட்சியம் அது. குறுக்கு விசாரணை செய்து அதைக் கலைக்க இன்றுவரை ஒருவராலும் முடியவில்லை.

1934ல் மகாத்மா காந்தி வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஏற்படுத்தியபோது, தஞ்சாவூரில் பிறந்த ஸ்ரீ ஜே. சி. குமரப்பா அதன் காரியதரிசியாக இருந்து கைக்குத்தல் அரிசிக்காக ஓயாது வாதாடினார். நாம் கேட்கவில்லை. வெள்ளை அரிசி அந்தஸ்தின் அடையாளமாயிற்று. உலக்கை மூலைக்குப் போயிற்று. மில் தவிட்டை எடுத்தது. பிறகு வேறொரு தொழிற்சாலை நொய்யை மாவாக்கி, அதில் சத்துப் பொடியைக் கலந்து, யந்திரத்தால் அரிசி உருவில் பிழிந்து, நூற்றுக்கு ஒன்றாக நல்லரிசியில் கலந்தது. பசுவைக் கொன்று செருப்புத் தானம் செய்வது என்பார்களே, அதுதான் நினைவுக்கு வருகிறது.

போகட்டும்; தானம் செய்யும் செருப்பாவது காலுக்குப் பொருந்துகிறதா? சட்டப்படி இத்தகைய அரிசியில் கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும். 2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் அளிக்கிறது. அவ்வளவும் அரிசியாகவே கிடைத்தாலும் ஒரு நாளைக்கு வருவது ஐந்து முதல் ஏழு மில்லிகிராம் இரும்பு. வயது வந்த ஸ்திரீக்குத் தினம் 29 மில்லிகிராம் வேண்டும் என்பது தேசியப் போஷாக்கு ஸ்தாபனம் 2020ல் விதித்த அளவு. ஆக, தேவையில் கால் பங்கும் தேறவில்லை. வயிற்றில் விழுவதெல்லாம் இரத்தத்தில் சேர்ந்துவிடுவதும் இல்லை. தானியத்திலுள்ள சில பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் இன்னும் கெடுக்கும். நெல்லிக்காயோ, கொய்யாவோ, எலுமிச்சஞ்சாறோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மீன், மாமிசத்திலுள்ள இரும்பு எளிதில் சேரும். வெறுஞ் சோற்றில் தூவிய இரும்புக்கு இந்தத் துணை எதுவும் கிடையாது. பல தேசத்துப் பரிசோதனைகளையும் சேர்த்துச் சீர்தூக்கி 2019ல் காக்ரேன் என்ற நிபுணர் குழு சொன்ன முடிவும் இதற்கு ஒத்ததே: இத்தகைய அரிசியால் உடலில் இரும்புக் குறை ஓரளவு குறையக்கூடும், இரத்தச் சோகையிலோ அதிக வித்தியாசம் இருக்காது. சோகைக்கு இரும்புக் குறை ஒன்றே காரணமன்று. கொக்கிப் புழு, மலேரியா, அடுத்தடுத்த பிரசவங்கள், பரம்பரை இரத்த நோய்கள் எல்லாம் அதன் பின்னே நிற்கின்றன.

உணவில் சத்தைச் சேர்ப்பது எப்போதும் வீண் என்று நாம் சொல்லவில்லை. இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலையால் கிராமம் கிராமமாக மக்கள் கஷ்டப்பட்டபோது, டாக்டர் ராமலிங்கசுவாமியும் அவருடைய சகாக்களும் 1956 முதல் உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். கழலை குறைந்தது. அங்கே மண்ணிலேயே அயோடின் இல்லை. அந்த மண்ணில் விளைந்த எதைத் தின்றாலும் கிடைக்காது. ஆகவே உப்பில் சேர்ப்பதே வழி. கருவுறும் முன்பே போலிக் அமிலம் உட்கொண்டால் சிசுவின் முதுகுத்தண்டுக் கோளாறுகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்பது 1991ல் பிரிட்டனில் ஐயமறக் காட்டப்பட்டது. கர்ப்பிணிகள் இரும்பு மாத்திரையை எறிந்துவிட வேண்டுமென்று எவரேனும் நம்முடைய வார்த்தைக்குப் பொருள் கொண்டால் அது பெருந் தவறு. இன்ன குறை, இன்னாருக்கு, இன்ன அளவு என்று தெரிந்து கொடுப்பது வைத்தியம். எண்பது கோடிப் பேருடைய சோற்றில் ஒரே கையால் தூவுவது வேறு விஷயம்.

இங்கே ஒரு நியாயப் பிரச்னையும் எழுகிறது. அரிவாள் செல் சோகை, தலசீமியா என்று பரம்பரை இரத்த நோய்கள் உண்டு. முன்னது மலைவாழ் ஜனங்களிடையே அதிகம். இரும்பு சேர்த்த உணவை இவர்களில் முன்னவர் உண்ணலாகாது, பின்னவர் வைத்தியரைக் கேட்டே உண்ணவேண்டும் என்ற எச்சரிக்கையைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டுமென்று 2018ஆம் வருஷத்து விதிகள் கூறின. 2024ல் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. நோயாளிகளுக்கு ஏற்றும் இரத்தத்தால் சேரும் இரும்பை நோக்க, அரிசியிலிருப்பது அற்பம் என்று நிபுணர்கள் அபிப்பிராயப்பட்டார்கள் என்பது சர்க்கார் சொன்ன சமாதானம். அபிப்பிராயம் சரியாகவே இருக்கலாம். ஆனால் அற்பம் என்பது எச்சரிக்கையை நீக்கும்போது ஒரு வாதம். சோகையைப் போக்க அதுவே போதும் என்பது பணம் ஒதுக்கும்போது ஒரு வாதம். ஒரே கட்சிக்காரர் இரண்டு வாதத்தையும் ஒரே வழக்கில் சொல்ல எந்த நீதிபதியும் எளிதில் இடங்கொடுக்க மாட்டார். மேலும், பணம் படைத்தவன் கடையில் வேண்டிய அரிசியை வாங்குகிறான். பங்கீட்டு அட்டையோடு வரிசையில் நிற்பவளுக்குத் தேர்வு எங்கே?

பணம் படைத்தவனும் வேறொரு வலையில் விழுந்திருக்கிறான் என்பதையும் சொல்லிவிடுவோம். பட்டணத்து மருந்துக் கடைகளில் பலவர்ண ஜீவசத்து மாத்திரைகளும், புஜபலம் தரும் புரதப் பொடி டப்பாக்களும் குவிந்து கிடக்கின்றன. பின்லாந்தில் புகை பிடிக்கும் 29,000 பேருக்குமேல் சேர்த்துக் கொண்டு பீட்டா கரோட்டீன் மாத்திரையைச் சோதித்தார்கள். அதை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, அதிகரித்தது என்று 1994ல் தெரியவந்தது. காரட்டிலும் கீரையிலும் இருந்தால் நன்மை செய்யும் பொருள், குப்பியில் அடைபட்டதும் குணம் மாறிவிட்டது. புரதப் பொடிகளைத் தவிர்க்கும்படி நம்முடைய தேசியப் போஷாக்கு ஸ்தாபனமே 2024 மே மாதத்தில் வெளியிட்ட உணவு விதிகளில் கூறியிருக்கிறது. வைத்தியர் சொன்னால் உண்ணட்டும்; விளம்பரம் சொன்னால் வேண்டாம்.

அந்த விதிகளில் இன்னொரு பகுதியை நமது நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம். நம்முடைய ஜனங்கள் பெறும் சக்தியில் பாதிக்கு மேல், சிலருக்கு நூற்றுக்கு எழுபது வரை, தானியத்திலிருந்தே வருகிறது. அது 45க்கு மிஞ்சலாகாது என்கிறார்கள் நிபுணர்கள். பருப்பும் மாமிசமும் தருவது நூற்றுக்கு 6 முதல் 9, தரவேண்டியது 14. ஒரு நாளைக்கு 250 கிராம் தானியத்தோடு 85 கிராம் பருப்பு அல்லது முட்டை, மீன், மாமிசம், 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம், பால் என்று ஒரு தட்டையே வரைந்து காட்டியிருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்து கிலோவிலே பருப்பு ஒரு மணி இல்லை.

செலவு தாங்காது என்பார்கள். 17,082 கோடியை எண்பது கோடிப் பேருக்கும் நாலரை வருஷத்துக்கும் பங்கிட்டால் ஆளுக்கு மாதம் நாலு ரூபாய். இதனால் மாதம் ஒரு கைப்பிடிப் பருப்பு வாங்கலாம், அவ்வளவே. உண்மை, அதை நாம் மறைக்கவில்லை. அரிசியில் இரும்பு ஏற்றுவது மலிவாயிருப்பதால்தான் சர்க்காரின் மனம் அங்கே போயிற்று. யானைப் பசிக்குச் சோளப்பொரி மலிவுதான்.

ஆனால் இம்மாகாணத்தில் நடந்ததைப் பாருங்கள். 1956ல் ஸ்ரீ காமராஜ் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு ஆரம்பித்தபோதும், 1982ல் ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன் அதைச் சத்துணவாக விரித்தபோதும், கஜானா தாங்காது என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கஜானா தாங்கியது. 2007ல் நியாயவிலைக் கடைகளில் துவரம் பருப்பு வந்தது. 2010ல் பள்ளிக் குழந்தைகளுக்கு வாரத்தில் ஐந்து நாளும் முட்டை என்றாயிற்று. 2022ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்தது. கட்சிகள் மாறின, தட்டில் வைத்ததை எடுக்க எவரும் துணியவில்லை. அரசியல் ஊழியர்கள் இதை நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும்.

மத்திய சர்க்காரை நாம் கேட்பது இரண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தானியத்தோடு பருப்பையும் உரிமையாகச் சேர்க்க வேண்டும். ஆளுக்கு மாதம் ஒரு கிலோவில் ஆரம்பித்தாலும் போதும். இரும்பு ஏற்றிய அரிசி எங்கே வழங்கப்பட்டதோ அந்த ஜில்லாக்களில், வழங்கும் முன்னும் பின்னும் நரம்பிலிருந்து எடுத்த இரத்தத்தைச் சோதித்த கணக்கை ஜில்லாவாரியாக வெளியிட வேண்டும். நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத் தொடரிலேயே இக்கணக்கைக் கேட்டுக் கேள்வி அனுப்புவார்களாக.