வலியை மறக்கச் செய்யும் பனியுலகம்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பார்கள் பெரியோர். ஊசி என்றதும் அம்மாவின் முந்தானையில் முகம் புதைத்த நாள் நம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் ஊசியின் வலி நொடிப்பொழுதில் மறையும். தீக்காயம்பட்ட குழந்தைக்கோ, புண்ணைக் கழுவிக் கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் வேதனை புதிதாகப் பிறக்கிறது.

இத்துயரைக் குறைக்க அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பாட்டர்சன் என்னும் உளவியல் அறிஞர்கள் மெய்நிகர் உலகத்தைத் துணைக்கு அழைத்தனர். தீக்காயமுற்ற 16, 17 வதினர் இருவருக்கு அது சாதாரண வீடியோ விளையாட்டைவிட அதிகமாக வலியைத் தணித்தது என்று 2000-ஆம் ஆண்டில் அவர்களது குழு எழுதியது. தீக்காய நோயாளிகளுக்கென்றே அவர்கள் அமைத்தது 'ஸ்னோ வேர்ல்ட்' எனும் பனியுலகம். கண்களை மறைக்கும் கருவியைத் தலையில் அணிந்ததும், எத்திசை திரும்பினாலும் பனிப் பள்ளத்தாக்கு! பனிமனிதர்கள் மீதும் பெங்குவின்கள் மீதும் பனி உருண்டைகளை எறிந்து குழந்தை விளையாட, செவிலியர் கட்டை மாற்றுகிறார்.

இது மாயமன்று. மனித மனத்தின் கவனம் அளவுடையது. வலியை உணரவும் கவனம் வேண்டும். அதன் பெரும்பகுதி பனியில் செலவானால் வலிக்குக் கிடைப்பது குறைவுதானே? வலி நீக்கும் மருந்தை இங்கே நிறுத்துவதில்லை. மருந்தோடு இதுவும் சேர்கிறது.

"குழந்தைகள் வலியைப் பொறுக்கப் பழக வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். தவக்காலத்தில் துன்பங்களை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறோம். ஆனால் அது நாமே மனமுவந்து தரும் காணிக்கை. பிறர் வலியைத் தணிக்காமலிருக்க அது சாக்காகாது. நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடந்தவனிடம் பொறுமையைப் பற்றிப் போதிக்கவில்லை. எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான்.

"இது குழந்தையை ஏமாற்றுவதல்லவா?" என்பது அடுத்த கேள்வி. சொல்லாமல் செய்தால் ஏமாற்றுதான். "கட்டு மாற்றப் போகிறோம், கொஞ்சம் வலிக்கும்" என்று முன்னதாகவே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சில குழந்தைகளுக்குக் கருவியால் தலைசுற்றும். சிலருக்குத் தம் கையை என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால்தான் அச்சம் தணியும். அவர்களை வற்புறுத்தலாகாது.

கருவியை மாட்டிவிட்டோம், இனி நம் வேலை முடிந்தது என்று பெரியவர்கள் அகன்றுவிடவும் கூடாது. கருவி இல்லாத மருத்துவமனையில் ஒரு கதையோ, பாட்டோ, சோப்புக் குமிழியோ அந்தக் கவனத்தைச் சிறிதேனும் திருப்பும். அவற்றுக்கு விலையில்லை, அருகில் அமர ஓர் ஆள்தான் வேண்டும்.

நம்மில் பலர் நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் தாய்மாராகவும் ஆவோம். அழும் குழந்தையிடம் "அழாதே" என்று அதட்டுவது எளிது. அந்த அழுகையைக் குறைக்க வழி தேடுவதே அன்பு. அதற்கு அறிவியல் கை கொடுக்கும்போது, நன்றியோடு அக்கையைப் பற்றிக்கொள்வோம். மறு கையால் குழந்தையின் கையைப் பற்றியிருப்போம்.