கறைபடிந்த கையும் கற்ற கையே

"ஒழுங்காகப் படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போவாய்!" என்னும் அச்சுறுத்தல் மலேசியத் தமிழர் இல்லங்கள் பலவற்றில் ஒலித்திருக்கின்றது. அச்சொல்லைக் கூறும் பெற்றோர் தம் பிள்ளையின் நலத்தையே நாடுகின்றனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த ஒரு சொல் பிள்ளையின் உள்ளத்தில் இரண்டு தவறான எண்ணங்களை ஒருங்கே விதைத்துவிடுகின்றது. இயந்திரத்தைத் தொடும் கை கல்லாத கை என்பது ஒன்று. கற்றவன் இயந்திரத்தைத் தொடலாகாது என்பது மற்றொன்று. முதலாவது எண்ணம் உழைப்பவனை இழிவுசெய்கின்றது. இரண்டாவது எண்ணம் படித்தவனை முடமாக்குகின்றது.

பழைய மகிழுந்து ஒன்றைத் தன் கையாலேயே பேணிக் காப்பதும், அதைத் தன் தேவைக்கேற்பத் திருத்தியமைத்துக்கொள்வதும் சிலருக்குப் பொழுதுபோக்காக உள்ளன. விடுமுறை நாளில் கையில் எண்ணெய்க் கறையோடு வீட்டு முன்றிலில் குனிந்து நிற்பவரைக் காணும் அண்டை வீட்டார், "புதியது வாங்க வழியில்லை போலும்" என்று இரங்குவர்; அல்லது "வேலையற்றவன் வேலை" என்று நகைப்பர். இரக்கமும் நகைப்பும் இரண்டுமே பிழையானவை. முறையாகச் செய்யப்படுமாயின் அப்பணி ஒரு கல்வி. அதிலும், தமிழ் மாணவனுக்கு இன்று பெரிதும் தேவைப்படும் கல்வி.

முன்றிலில் நிற்கும் பாடநூல்

மலேசியர் அனைவரும் அறிந்த வண்டி ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். 1983 ஆம் ஆண்டு மே மாதத்தில் புரோட்டோன் நிறுவனம் அமைக்கப்பட்டது. 1985 ஆம் ஆண்டு ஜூலை 9 ஆம் நாள் நாட்டின் முதல் மகிழுந்தாகிய 'சாகா' வெளியிடப்பட்டது. சப்பானின் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே வண்டியை அடிப்படையாகக் கொண்டு ஷா ஆலாமில் உருவான அதன் முதற் படி தேசிய அரும்பொருளகத்தில் வைத்துப் போற்றப்படுகின்றது. ஆனால், அரும்பொருளகத்திற்குச் செல்லாமலேயே சாலையில் உழைத்துக்கொண்டிருக்கும் அதன் உடன்பிறப்புகளை ஊர்தோறும் இன்றும் காணலாம்.

அவ்வண்டியின் முன்மூடியைத் திறந்தால் 1.3 லிட்டர் கொள்ளளவுள்ள இயந்திரம் கண்முன் விரியும். காற்று உட்செல்லும் வழி இது, பெட்ரோல் வரும் குழாய் இது, இரண்டையும் கலக்கும் கார்புரேட்டர் இது, மின்பொறியைச் சுமந்துவரும் கம்பி இது என்று விரல்விட்டுக் காட்டலாம். இன்றைய புதிய வண்டிகளில் இவற்றிற் பல கணினியின் ஆணைக்கு உட்பட்டுவிட்டன. பிளாஸ்டிக் மூடிகளின்கீழ் மறைந்தும் விட்டன. பழைய வண்டியோ தன் செயல் எதையும் ஒளிப்பதில்லை. அறிவியல் பாடத்தில் வரைபடமாக மட்டும் கண்டவற்றை மாணவன் தொட்டுப்பார்க்கும் வாய்ப்பை அது நல்குகின்றது.

அவ்வியந்திரத்தின் அடிக்கட்டை வார்ப்பிரும்பு, தலைப்பகுதி அலுமினியம். வெப்பத்தால் இரும்பைவிட அலுமினியம் மிகுதியாக விரியும் என்பது பாடநூலில் உள்ள செய்தி. ரேடியேட்டரில் நீர் வற்றியதைக் கவனியாமல் வண்டியை ஓட்டியவர் அப்பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்கின்றார். சூடேறிய அலுமினியத் தலை வளைகின்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கட் பழுதாகின்றது. குளிர்விக்கும் நீர் எரியறைக்குள் கசிகின்றது. வாரந்தோறும், இயந்திரம் குளிர்ந்திருக்கும் வேளையில், நீரின் அளவைப் பார்க்கும் பழக்கம் ஒன்றே இப்பெருஞ்செலவைத் தவிர்த்திருக்கும்.

கேள்வியறிவின் கேடு

கையால் அறியாத சமுதாயம் கேள்வியறிவை நம்பி வாழ நேரும். இதற்குத் தெர்மோஸ்டாட் என்னும் சிறு பொருளே சான்று. "இது குளிர்நாட்டுக்கு வேண்டியது, நம் நாட்டு வெயிலுக்கு எதற்கு?" என்று கூறி அதைக் கழற்றி எறியும் வழக்கம் பட்டறைகள் சிலவற்றில் நெடுங்காலமாக உண்டு. உண்மை என்ன? இயந்திரம் குறித்த வெப்பநிலையை எய்தும்வரை நீரை ரேடியேட்டருக்குச் செல்லவிடாமல் தடுத்து, பின்னர் வழிவிடுவதே அதன் பணி. அது இல்லாத இயந்திரம் உரிய வெப்பத்தை அடையக் காலம் தாழ்க்கும், பெட்ரோலை வீணாக்கும், தேய்மானமும் கூடும். வெயில் நாட்டிலும் காலையில் இயந்திரம் குளிர்ந்தே கிடக்கின்றது என்னும் எளிய உண்மையை எண்ணிப் பார்ப்பாரில்லை. பழுதான தெர்மோஸ்டாட்டைக் கொதிநீரில் இட்டு, அது திறக்கின்றதா எனச் சோதிக்க ஒரு பாத்திரமும் ஓர் அடுப்பும் போதும். அச்சோதனையைச் செய்து பார்த்த மாணவனை எந்த வாய்ச்சொல்லும் ஏமாற்ற இயலாது.

பிரேக் எண்ணெயின் கதையும் இத்தகையதே. அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் சேரச்சேர அதன் கொதிநிலை தாழும். கெந்திங் மலையிலிருந்தோ கேமரன் மலையிலிருந்தோ இறங்கும்போது பிரேக்கை ஓயாமல் மிதித்தால் எழும் வெப்பத்தில் அது கொதித்து ஆவியாகும். நீர்மம் அழுத்தத்தை அப்படியே கடத்தும்; ஆவியோ அழுங்கும். ஆகவே, மிதி தரையைத் தொடும், வண்டியோ நிற்காது. ஈராண்டுக்கு ஒருமுறை அவ்வெண்ணெயை மாற்றாத குடும்பத்தலைவர், புறப்படுமுன் வண்டியின் முன் எலுமிச்சம்பழத்தை நசுக்க மட்டும் தவறுவதில்லை. வழிபாடு அவரவர் நம்பிக்கை. ஆனால், பேணுதலின் இடத்தை வழிபாடு நிரப்பிவிடாது.

எதிர்ப்போர் வினாக்கள்

"பழைய வண்டிகள் புகையைக் கக்குவன, பாதுகாப்பற்றவை, அவற்றைப் போற்றுவது பிற்போக்கு" என்பர் சிலர். இவ்வாதத்தில் உண்மையே இல்லை எனத் தள்ளிவிட முடியாது. புகைநச்சைக் குறைக்கும் கருவி இல்லாத பழைய இயந்திரம் புதியதைவிட மிகுதியாக மாசு வெளியிடும். காற்றுப்பைகளும் முதற்கால சாகாவில் இல்லை. ஆனால், சாலையில் பெருங்கேடு விளைப்பது வண்டியின் வயதா, அதன் உடையவரின் அலட்சியமா என்பதே இங்கு எழும் வினா. புகையின் நிறமே பல செய்திகளைச் சொல்லும். கரும்புகை எனில் எரிபொருள் மிகுந்து காற்று குறைந்துள்ளது. நீலப்புகை எனில் இயந்திர எண்ணெய் எரிகின்றது. நீர் குறைவதோடு வெண்புகையும் ஓயாது வருமாயின் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும். இவற்றைப் படிக்கத் தெரிந்தவர் புகையோடு வண்டியை ஓட்ட மனங்கொள்ளார். தெரியாதவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அப்புகையோடே செல்வார்.

அரசின் திட்டங்களையும் இங்கு எண்ணிப்பார்த்தல் தகும். 2009 ஆம் ஆண்டில், பத்தாண்டு கடந்த வண்டியை ஒப்படைத்துப் புதிய தேசிய மகிழுந்து வாங்குவோருக்கு 5,000 ரிங்கிட் கழிவு வழங்கும் திட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் சாலைவரியைப் புதுப்பிக்குமுன் கட்டாயச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்னும் அறிவிப்பு எழுந்தது. மக்களின் எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. ஏழையின் ஒரே வண்டியை அவனிடமிருந்து பறிக்கலாகாது என்று வாதிட்டவர்களின் வாதம் நேர்மையானது. எனினும், அவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டனர். பழைய வண்டியை ஓட்டும் உரிமையைக் கேட்டுப் பெற்றோர், அதைப் பழுதின்றிப் பேணும் கடமையைத் தாமே ஏற்றிருக்க வேண்டுமன்றோ? நன்கு பேணப்பட்ட வண்டிக்கு எந்தச் சோதனையும் அச்சம் தருவதில்லை.

சிங்கப்பூரின் நிலை வேறு. அங்கு 1990 ஆம் ஆண்டு முதல் வண்டி வைத்திருக்கும் உரிமைக்கே சான்றிதழ் பெற வேண்டும். பத்தாண்டு முடிந்ததும் பெருந்தொகை செலுத்தி அதைப் புதுப்பிக்க வேண்டும். இன்றேல் வண்டியைப் பதிவிலிருந்து நீக்க வேண்டும். இடநெருக்கடியுள்ள தீவுக்கு அக்கொள்கை பொருத்தமாக இருக்கலாம். ஆனால், அங்குப் பழைய வண்டி என்பது பெரும்பாலும் வசதி படைத்தோரின் காதற்பொருள். மலேசியாவில் தனியார் மகிழுந்துக்கு அத்தகைய வயது வரம்பு இல்லை. எளியவரும் இருபது, முப்பது ஆண்டு பழைய வண்டியை வைத்துக் கற்கலாம்; காக்கலாம். கிடைத்த இவ்வாய்ப்பை அறியாமையால் வீணாக்குவது பொறுப்பாகாது.

திருத்தமும் திரிபும்

இப்பொழுதுபோக்கைப் போற்றுவதாலேயே அதன் பெயரால் நடக்கும் அனைத்தையும் போற்றிவிட முடியாது. இளைஞர் சிலர் பழைய வண்டியைத் திருத்தியமைப்பதாகக் கூறிச் சுருள்வில்லை அறுத்து வண்டியைத் தாழ்த்துகின்றனர். ஊரே விழிக்கும் ஓசையெழுப்பும் புகைக்குழாயைப் பொருத்துகின்றனர். முன்கண்ணாடிக்கும் கருந்தாள் ஒட்டுகின்றனர். அறுத்த வில் வண்டியின் எடையை முறையாகத் தாங்காது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அது தன் இருக்கையிலிருந்து பிறழவும் கூடும். முன்கண்ணாடி 70 விழுக்காடு ஒளியையேனும் உள்ளே விடவேண்டும் என்பது சட்டம். இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் ஒப்புதலைப் பெறவேண்டும் என்பதும் சட்டமே. இவற்றை மீறிச் செய்யப்படுவது திருத்தம் அன்று, திரிபு.

திருத்தம் செய்ய விரும்புவோர்க்கு வேறு பணிகள் நிறைய உள்ளன. 2009 ஆம் ஆண்டு முதல் பின்னிருக்கையில் அமர்வோரும் பாதுகாப்புப் பட்டை அணிய வேண்டும் என்னும் விதி நடைமுறையில் உள்ளது. பின்னிருக்கையில் பட்டை இல்லாத பழைய வண்டிக்கு உறுதியான பிணைப்பிடம் கண்டு தரமான பட்டை பொருத்துவது முதல் திருத்தம். பழைய வண்டிகள் பலவற்றில் முன்விளக்கின் மின்னோட்டம் முழுவதும் மெல்லிய கம்பிகள் வழியே சுவிட்சைச் சுற்றிவருவதால் ஒளி மங்கும். இடையில் 'ரிலே' ஒன்றைப் பொருத்திப் பேட்டரியிலிருந்து தடித்த கம்பியை நேரே கொண்டுவந்தால் விளக்கு தெளிவுறும். மலாய்மொழியில் 'கெடாய் போத்தோங்' எனப்படும் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடி, உரிய பாகத்தை அளந்து பார்த்து வாங்குவதும் ஒரு பயிற்சியே. பின்புறத்தில் இறக்கை பொருத்துவதற்கு முன்னர் இவற்றைச் செய்தவரே திருத்தியவர் ஆவர்.

கைவினையோடு பொறுப்பும் கற்பிக்கப்பட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுத்தல் உயிருக்கே கேடு. உறுதியான தாங்கிகளை இட்ட பின்னரே அடியில் நுழையவேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தலாகாது. மாற்றிய இயந்திர எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவது குற்றம். 2005 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகள் அதைத் திட்டமிட்டுக் கையாளவேண்டிய கழிவுகளின் பட்டியலில் சேர்த்துள்ளன. எல்லாப் பணியையும் வீட்டிலேயே செய்துவிடவும் முடியாது. தேர்ந்த தொழிலாளியிடம் விடவேண்டியவை எவை என்று அறிவதும் இக்கல்வியின் ஒரு பகுதியாகும். அவ்வாறு அறிந்தவர் பட்டறைத் தொழிலாளியை ஒருபோதும் இழிவாக நோக்கார்; அவரது திறமையின் அருமை அவருக்கே நன்கு விளங்கும்.

மறந்துபோன மரபு

தமிழருக்கு இயந்திரம் புதியதன்று. செந்தூலில் இருந்த இரயில்வே பட்டறையில் தமிழர் பலர் உழைத்தனர். தோட்டங்களில் லாரிகளையும் டிராக்டர்களையும் ஓட்டியவரும் பழுதுபார்த்தவரும் தமிழரே பலர். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பை முழுமையாக முடித்தவரல்லர். உணவகத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தில் பழைய மோட்டார்சைக்கிள் ஒன்றை வாங்கினார். அதைப் பிரித்துப் பார்த்து மீண்டும் பூட்டினார். அங்குத் தொடங்கிய கல்வி அவரைப் பெருந்தொழிலராகவும் புதுப்பொருள் படைப்பவராகவும் உயர்த்தியது. அவரது பெருமையை மேடையில் பேசும் தந்தையே, தம் மகன் பழைய வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றினால் சினந்து நூலைக் கையில் கொடுக்கின்றார். முரண்பாடு இதைவிட வேறு வேண்டுமோ?

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பெரிய வேலை உண்டு. பள்ளியில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' ஒரு பாடமாக இருக்கின்றது. ஆனால், செய்முறையை விளக்கும் தமிழ் மாணவனின் நாவில் இல்லை. கட்டுரை எழுதச் சொன்னால் நிலவொளியைப் பற்றியும் நூலகத்தின் பயனைப் பற்றியும் எழுதும் மாணவன், சக்கரம் மாற்றும் முறையைப் பத்து வரிகளில் முறைப்பட எழுதத் தடுமாறுகின்றான். முதலில் சக்கரத்தின் திருகாணிகளைத் தளர்த்த வேண்டும். அதன் பின்னரே வண்டியைத் தூக்க வேண்டும். பூட்டும்போது எதிரெதிரான திருகாணிகளை மாறிமாறி முறுக்க வேண்டும். இவ்வரிசை பிறழாமல், இதற்கான காரணங்களோடு எழுதத் தெரிந்தவனே உரைநடையில் தேர்ந்தவன். கார்புரேட்டர், கேஸ்கட் முதலிய சொற்கள் பிறமொழியினவாக இருப்பதால் தமிழ் தேய்ந்துவிடாது. அவை எவ்வாறு இயங்குகின்றன என்பதைத் தமிழில் விளக்க எவரும் இல்லாமற் போனால்தான் தமிழ் தேயும். உழவுக்குத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவரை நாள்தோறும் கற்பிக்கும் ஆசிரியர், உழைக்கும் கையின் அறிவுக்கு வகுப்பறையில் இடம் மறுப்பது எவ்வகையில் பொருந்தும்?

ஆகவே, ஆசிரியர் செய்யத்தக்கது ஒன்று உண்டு. அடுத்த கட்டுரைப் பயிற்சிக்கு, வீட்டிலுள்ள வண்டியின் முன்மூடியைப் பெற்றோர் முன்னிலையில் திறந்து, எண்ணெய் அளக்கும் முறையைக் கண்டு எழுதிவருமாறு மாணவர்களைப் பணிக்கலாம். சிறுமியரும் விலக்கல்லர். தாளில் எண்ணெய்க் கறை சிறிது படிந்திருந்தால் அதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டுவதில்லை. அக்கறையே அம்மாணவன் கண்ணாற் கண்டு எழுதினான் என்பதற்குச் சான்றாகும்.