பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்பவர்களுக்கு

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் பூசை. பூனைக்கு நம் பழைய நூல்கள் வழங்கிய பெயர்களுள் அதுவும் ஒன்று என்பதால் வைத்தோம். அதன் விளைவாக, அண்டை வீட்டார் "பூசை ஆச்சா?" என்று விசாரிக்கும்போதெல்லாம் எதைக் கேட்கிறார்கள் என்று ஒரு கணம் குழம்ப நேர்கிறது. பூசைக்கு இப்போது 14 வயது. சென்ற ஆண்டு ஆவணியில் அது தட்டின் அருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகத் தொடங்கியது. நேற்றுவரை தின்ற மீனை இன்று தொடவில்லை. மீனை மாற்றிக் கோழி வைத்தால் இரண்டு வாய் தின்றுவிட்டு விலகியது. மறுநாள் அதையும் மறுத்தது. இதைக் கேள்வியுற்ற உறவினரும் கல்லூரியில் உடன் பணியாற்றுவோரும் ஒருவர் தவறாமல் ஒரே வைத்தியத்தைச் சொன்னார்கள்: "ரெண்டு நாள் பட்டினி போடுங்க சார், தானா வழிக்கு வரும்." ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்ற பழமொழியும் கூடவே வந்து சேர்ந்தது.

அந்த அறிவுரையை நாங்கள் ஒன்றரை நாள் பின்பற்றினோம். இக்கட்டுரை அந்த ஒன்றரை நாளுக்கு எதிரானது.

முதிய பூனை உணவை மறுப்பதைக் கொழுப்பு, செல்லம், நாக்கு நீளம் ஆகிய சொற்களால் விளக்குவது பிழையான வாசிப்பு என்பதும், அப்பிழை உயிரைப் பறிக்கவல்லது என்பதுமே எங்கள் வாதம். பிரதியை எப்படி வாசிப்பது என்று பக்கம் பக்கமாக விவாதிக்கும் நண்பர்கள் கூட, தம் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் உயிரின் மறுப்பை ஒரே சொல்லில் வாசித்து முடித்துவிடுகிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பட்டினி வைத்தியம். மனிதரும் நாயும் இரண்டு நாள் உண்ணாதிருந்தால் பெரும்பாலும் தாங்கிக்கொள்வர். பூனையின் உடல் அவ்வாறு அமையவில்லை. உணவு நின்றதும் அதன் உடற்கொழுப்பு பெருமளவில் கரைந்து ஈரலை வந்தடைகிறது. அவ்வளவு கொழுப்பைக் கையாள அந்த ஈரலால் இயல்வதில்லை. கொழுப்பு அங்கேயே தேங்கி ஈரல் செயலிழக்கத் தொடங்குகிறது. இதற்குச் சில நாள் பட்டினியே போதும். பருத்த பூனையாயின் ஆபத்து இன்னும் கூடுதல். ஈரல் கெடத் தொடங்கியபின் குமட்டலும் சோர்வும் ஏறி, எஞ்சியிருந்த பசியும் அற்றுப்போகிறது. அதாவது, பசித்தால் தின்னும் என்ற வாக்கியம் பூனையைப் பொறுத்தவரை ஓர் எல்லைக்குமேல் பொய்யாகிவிடுகிறது. பசியை வளர்ப்பதாக எண்ணிக்கொண்டு நாம் பசியைக் கொன்றுகொண்டிருப்போம். ஒரு முழு நாள் எதையும் தொடாத முதிய பூனையை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும் என்பதே சரியான விதி. இரண்டாம் நாள் முடியட்டும் என்று காத்திருப்பது விதியன்று, சூதாட்டம்.

எங்கள் சூதாட்டம் இரண்டாம் நாள் மாலையில் முடிந்தது. பூசையைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றோம். அவர் முதலில் எடை பார்த்தார். முந்தைய ஆண்டு தடுப்பூசியின்போது 4.2 கிலோ இருந்தது 3.3 கிலோவாகக் குறைந்திருந்தது. மென்மயிர் மறைத்ததால் எங்கள் கண்ணுக்கு அது படவே இல்லை. பிறகு வாயைத் திறந்து காட்டினார். கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்று ஈறோரத்தில் அரித்துக் குழிந்து சிவந்திருந்தது. பூனைகளிடையே மிகப் பரவலான கேடு இது என்றார்: பல்லை உடலே கரைத்துவிடுகிறது, உள்ளிருக்கும் நரம்பு வெளிப்படுகிறது, ஒவ்வொரு கடியும் வலி. குருதிச் சோதனையில் சிறுநீரகமும் தளரத் தொடங்கியிருப்பது தெரிந்தது.

இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலம். எங்கள் வீட்டில் இருவருமே தமிழ் படித்தவர்கள், இருவருமே கற்பிப்பவர்கள். முல்லை அரும்பைக் காட்டுப்பூனையான வெருகின் பல்லுக்கு ஒப்பிட்ட சங்கப் புலவர்களின் கூர்நோக்கை இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் வியந்துவருகிறோம். மாலை மயங்கும் நேரத்தில் இருளில் பதுங்கிவரும் ஒரு விலங்கின் பல் வரிசையை அவர்கள் கண்டிருக்கிறார்கள். எங்கள் மடியில் 14 ஆண்டுகள் படுத்துறங்கிய பூனையின் வாயை நாங்கள் ஒருமுறை கூடத் திறந்து பார்த்ததில்லை. கொழுப்பு என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

மறுப்பு என்பது ஒற்றைச் செயலன்று. ஆவலோடு தட்டுக்கு ஓடிவந்து, வாயில் எடுத்துக் கீழே போடுவதோ, தலையை ஒருபுறம் சாய்த்து மெல்லுவதோ, மெத்தென்றதைத் தின்று மொறுமொறுப்பானதை விடுவதோ பல்வலியின் குறி. முகர்ந்ததும் உதட்டை நக்கி, எச்சில் விழுங்கி, முகத்தைத் திருப்பிக்கொள்வது குமட்டலின் குறி. சிறுநீரகம் தளர்ந்த பூனைகளிடம் இது மிகுதி. குளிர்ந்த உணவை மறுத்து, அதையே வெதுவெதுப்பாக்கினால் தின்பது மோப்பம் மங்கியதன் குறியாக இருக்கலாம். தட்டருகே வராமலே இருப்பது மூட்டுவலியாகவும் இருக்கலாம். 12 வயதைக் கடந்த 100 பூனைகளின் ஊடுகதிர்ப் படங்களை ஆராய்ந்து 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு காணப்பட்டது. நாய்க்கு எட்டக்கூடாது என்று மேடைமேல் தட்டை வைத்துவிட்டு, பூனைக்குச் சோம்பல் என்கிறோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நன்றாகத் தின்றுகொண்டே இளைத்துப்போகும் முதிய பூனையும் நோயாளிதான். தைராய்டு மிகைச்சுரப்பிலும் நீரிழிவிலும் அப்படி நேரும். தின்கிறதா இல்லையா என்பது மட்டும் போதிய சான்றன்று. மாதம் ஒருமுறை தராசில் வைத்துப் பார்ப்பதே சான்று.

இனி தெனாலிராமன் கதைக்கு வருவோம். பூனை வளர்க்க அரசர் பசுவும் கொடுத்தார்; ராமன் முதல் நாளே கொதிக்கும் பாலை வைத்தான்; வாய் வெந்த பூனை அதன்பின் பாலைக் கண்டாலே ஓடியது; அரசவை சிரித்தது. தலைமுறை தலைமுறையாக நாமும் சிரித்துவருகிறோம். சிரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பூனையின் உணவு வெறுப்பு எப்படி உண்டாகிறது என்பதன் துல்லியமான விவரணை அது. வலியோ குமட்டலோ வந்த வேளையில் முன்னே இருந்த உணவைப் பூனை அந்தத் துன்பத்தோடு முடிச்சிட்டுவிடுகிறது. துன்பம் நீங்கிய பின்னும் முடிச்சு அவிழ்வதில்லை. மாத்திரையைப் பொடித்துப் பிடித்தமான உணவில் கலப்பவர், நோயுற்ற பூனையின் வாயை வலிந்து திறந்து ஊட்டுபவர், குமட்டல் தணியுமுன்பே சிறுநீரக நோய்க்கான உணவைத் திணிப்பவர் யாவரும் தெனாலிராமனின் வேலையையே செய்கிறார்கள். அவனாவது தெரிந்து செய்தான். மருந்தைத் தனியாகக் கொடுக்க வேண்டும். குமட்டலைத் தணிக்கவும் பசியைத் தூண்டவும் மருந்துகள் இருக்கின்றன. அவற்றை மருத்துவரிடம் கேட்டுப் பெற வேண்டும். வீட்டிலிருக்கும் வலி மாத்திரையைக் கிள்ளிக் கொடுக்கும் பழக்கத்தை அடியோடு விடவேண்டும். பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரையே கொன்றுவிடும்.

அடுத்தது பால்சோறு. கம்பர் தம் அவையடக்கத்தில் பாற்கடலை முழுவதும் நக்கிக் குடித்துவிட முனைந்த பூசையைத் தமக்கு உவமையாக்கினார். அவர் சொல்ல வந்தது தம் பேராசையின் அளவைப் பற்றி. பூனையின் உணவைப் பற்றியன்று. நாமோ அந்த உவமையை உணவுப் பட்டியலாகவே எடுத்துக்கொண்டோம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குன்றிவிடுகிறது, கழிச்சல் உண்டாகிறது, சிறுநீரகம் தளர்ந்த கிழப்பூனைக்கு உடல்நீர் இழப்பு பேராபத்து. இனிப்பு என்ற சுவையே பூனைக்கு இல்லை. அச்சுவையை உணர்த்தும் மரபணு அதனிடம் பழுதுபட்டுக் கிடப்பதை 2005இல் கண்டறிந்தார்கள். சோறு அதற்கு வயிற்றை நிரப்பும் பொருள் மட்டுமே. ஊனுண்ணியாகவே பிறந்த உயிர் அது. ஊனில் மட்டுமே போதிய அளவில் கிடைக்கும் டாரின் என்ற பொருள் குறைந்தால் கண் கெடும் என்பது 1975இலும், இதயம் வீங்கித் தளரும் என்பது 1987இலும் நிறுவப்பட்டுவிட்டன. எங்கள் பூனை சைவம் என்று பெருமை பேசுவோர் இதைச் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். சைவம் உண்பது அவர்களுடைய தேர்வு. பூனைக்கு அதில் தேர்வு கிடையாது.

அசைவ வீடுகளின் அறியாமையும் இதற்குக் குறைந்ததன்று. கருவாட்டில் உப்பு மிகுதி. தளர்ந்த சிறுநீரகத்துக்கு அது சுமை. கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரலை நாள்தோறும் போட்டுவந்தால் உயிர்ச்சத்து ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இறுகிப்போகும். அதன்பின் குனிந்து தின்னவே முடியாது. குழம்பிலிருந்து எடுத்த துண்டில் வெங்காயமும் பூண்டும் ஊறியிருக்கும். இரண்டும் பூனையின் குருதிச் சிவப்பணுக்களை அழிப்பவை. வெந்த எலும்பு நொறுங்கித் தொண்டையையும் குடலையும் கிழிக்கும்.

என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பூசையின் பல் பிடுங்கப்பட்டு ஈறு ஆறிய பின் நாங்கள் செய்தவை எல்லாம் எளியவை. வெந்நீர்க் கிண்ணத்தில் உணவுக் கிண்ணத்தை இறக்கி உடற்சூட்டுக்குக் கொண்டுவந்தோம். பூனை நாக்கைவிட மூக்கை நம்பியே உண்கிறது. சூடு மணத்தை எழுப்புகிறது. இரண்டு வேளை உணவை ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்தோம். ஆழமான கிண்ணத்தை நீக்கி, மீசை இடிக்காத அகலத் தட்டை வைத்து, குனிய வேண்டாதபடி ஒரு பலகைமேல் ஏற்றினோம். அந்தத் தட்டை மலத்தொட்டியிலிருந்தும் நாயின் நடமாட்டத்திலிருந்தும் விலக்கினோம். உலர் உணவில் நீர் பத்தில் ஒரு பங்குதான். ஈர உணவில் முக்கால் பங்குக்கும் மேல். ஆகவே ஈர உணவுக்கு மாறினோம். உப்பிடாமல் கோழி வேகவைத்த நீரை ஒரு கரண்டி கலந்தோம். மருத்துவர் சொன்ன சிறுநீரக உணவைப் பழைய உணவோடு சிறிது சிறிதாகச் சேர்த்து மூன்று வாரத்தில் மாற்றினோம். அதை அறவே மறுத்த நாட்களில் பழையதையே வைத்தோம். சரியான உணவைத் தின்னாத பூனையைவிட, ஏறக்குறைய சரியான உணவைத் தின்னும் பூனை மேல். இப்போது எடை 3.7 கிலோ. இளமை திரும்பிவிடவில்லை. சிறுநீரகத்தில் போனது போனதுதான். ஆனால் தட்டைக் கண்டால் வருகிறது.

கடைக்காரர்களையும் விட்டுவைக்க முடியாது. ‘முதிய பூனைக்கு’ என்று அச்சிட்ட பையை வாங்கிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணத்தை அவர்கள் விற்கிறார்கள். ஒரு முதிய பூனைக்கு எரிசத்து கூடுதலாக வேண்டும். இன்னொன்றுக்குப் பாஸ்பரஸ் குறைவாக வேண்டும். வேறொன்றுக்குப் பல் பிடுங்க வேண்டும். பைமேல் உள்ள எழுத்துக்கு இவை தெரியாது.

கடைசியாக, நாங்கள் எதிர்பார்த்தே காத்திருந்த ஆட்சேபம். மனிதருக்கே சோறில்லாத நாட்டில் பூனைக்குக் கிண்ணத்தைச் சூடாக்குவது நடுத்தர வர்க்கத்து ஆடம்பரம் என்று இலக்கியக் கூட்டமொன்றில் நண்பர் ஒருவர் சொன்னார். பசியைப் பற்றிய அவர் கவலை உண்மையானதென்றே நம்புகிறோம். ஆனால் இக்கட்டுரை கேட்பவற்றுள் பெரும்பாலானவற்றுக்குக் காசு வேண்டாம்: வாயைத் திறந்து பாருங்கள், எடையைக் குறித்துவையுங்கள், தட்டை இடம் மாற்றுங்கள், பட்டினி போடாதீர்கள். செலவு வைப்பது மருத்துவம் மட்டுமே. ஆடுமாடுகளை மனத்திற்கொண்டே கால்நடை மருத்துவம் வளர்ந்த நாட்டில் பூனைக்கு அது எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அது கிடைக்கும்படி கேட்க வேண்டுமே தவிர, கிடைக்காததைக் காரணம் காட்டிப் பூனைமேல் பழிபோடுவது நியாயமாகாது.

மேலும், அந்தப் பட்டினி அறிவுரை பூனையோடு நிற்பதில்லை என்பதை நண்பர் கவனிக்க வேண்டும். உண்ண மறுக்கும் முதியவர் ஒருவரைப் பற்றி, "கெழத்துக்கு நாக்கு செத்துப்போச்சு, பசிச்சா தானா திங்கும்" என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! பொய்ப்பல் கட்டு ஈறைக் குத்துவதை அவர் ஒருவேளை எடுத்துச் சொல்லக்கூடும், சொன்னாலும் கேட்பாரில்லை. பூனை சொல்லவே முடியாது. வேறுபாடு அவ்வளவுதான். சொல்ல முடியாத உயிர் தட்டை விட்டு விலகுகிறது. அதற்குத் தெரிந்த ஒரே வாக்கியம் அதுதான். அதைக் கொழுப்பு என்று மொழிபெயர்ப்பவர்களுக்கு, ஒன்றரை நாள் அவ்வாறே மொழிபெயர்த்த நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றே: முதலில் வாயைத் திறந்து பாருங்கள், பழமொழி பிறகு சொல்லலாம்.