நிலமும் போச்சு, இருக்க இடமும் போகணுமா?

விவசாயப் பெருங்குடி மக்களே! குத்தகைதாரர்களே! கூலி விவசாயத் தோழர்களே! தாய்மார்களே!

2024 டிசம்பர் 1-ஆம் தேதியை நாம் மறந்துவிட முடியாது. ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்த மழையில் திருவண்ணாமலை மலையில் மண் சரிந்தது. வ.உ.சி. நகரில் பாறையும் சேறும் வீட்டின் மேல் விழுந்து 7 உயிர்களை மூடியது. அதில் 5 பேர் குழந்தைகள். மறுநாள் சாத்தனூர் அணையிலிருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் பயிரும் போச்சு, மாடும் போச்சு, வீட்டுச் சுவரும் போச்சு.

அதிகாரிகள் வந்தார்கள், மந்திரிகள் வந்தார்கள். இறந்தவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் அறிவித்தார்கள். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதே டிசம்பர் 13-ஆம் தேதி கார்த்திகை தீபம். மண் இளகிக் கிடக்கிறது, ஆபத்து என்று சொல்லி அந்த வருஷம் பக்தர்களை மலை ஏற விடவில்லை. சரியான முடிவுதான். நாம் கேட்பது ஒன்றே ஒன்று. ஒரு நாள் ஏறி இறங்குவதற்கே ஆபத்தான மலை என்றால், அதன் அடியில் 365 நாளும் பிள்ளை குட்டியோடு படுத்துத் தூங்குகிறவனுக்கு ஆபத்து இல்லையா? அவனுக்கு என்ன மாற்று ஏற்பாடு?

இதற்கு வருகிற பதில் என்ன? "அவங்களை யாரு அங்கே போய் வீடு கட்டச் சொன்னது? ஆக்கிரமிப்புதானே!"

இந்தப் பேச்சு நம் காதிலும் விழுகிறது. டவுன்காரன் சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். மலையடிவாரத்தில் இருக்கிறவன் எந்த ஊர்க்காரன் என்று விசாரித்துப் பாருங்கள். கிணறு வற்றி, போர் போட்ட கடனுக்கு நகையை அடகு வைத்து, கடைசியில் அரை ஏக்கரையும் பிளாட் போடுகிறவனுக்குக் கொடுத்துவிட்டு ஊரைக் காலி செய்தவர்கள் நம்மிலேயே எத்தனை பேர்! மகன் திருப்பூருக்கோ பெங்களூருக்கோ போகிறான். மிச்சம் இருக்கிறவர்கள் பூக்கட்டவும், சித்தாள் வேலைக்கும், ஓட்டலில் பாத்திரம் கழுவவும் திருவண்ணாமலைக்கு வருகிறார்கள். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் மனை விலை ஏறிக் கிடக்கிற ஊரில் கூலிக்காரன் எங்கே மனை வாங்குவான்? அட்வான்ஸ் கேட்காத இடம், வாடகை கேட்காத இடம் மலைச்சரிவும் ஏரிக்கரையும் ஓடைப் புறம்போக்கும்தான். ஆசைப்பட்டு யாரும் பாறைக்கு அடியில் குடிபோகவில்லை. போக வேறு இடம் இல்லாமல் போனார்கள்.

அப்படிப் போனவனுக்குக் கரண்டு கொடுத்தது யார்? வீட்டு வரி வாங்கியது யார்? ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் அந்த முகவரிக்கே கொடுத்தது யார்? ஓட்டுக் கேட்க அந்தச் சந்துக்குள் வந்தபோது ஆக்கிரமிப்பு என்று தெரியவில்லையா?

சரி, ஊரிலேயே நிலத்தைப் பிடித்துக்கொண்டு இருப்போம் என்று நினைத்தால் விடுகிறார்களா? நம் மாவட்டத்திலேயே, செய்யாறு பக்கம் மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்காக 11 கிராமங்களில் 3,174 ஏக்கரை எடுக்கக் கிளம்பினார்கள். 2023-இல் விவசாயிகள் நூறு நாளுக்கு மேல் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். கிடைத்த பதில் கைது. 7 பேர் மேல் குண்டர் சட்டம். ஊரே கொதித்து எழுந்த பிறகு 6 பேர் மேல் போட்டதை வாபஸ் வாங்கினார்கள். ஏர் பிடித்தவன் குண்டரா? சொந்த நிலத்தில் நின்று தரமாட்டேன் என்று சொன்னால் குண்டரா?

2013-இல் வந்த மத்தியச் சட்டம், நிலம் எடுப்பதற்கு முன்னால் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யச் சொல்கிறது. கிராமத்து மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கச் சொல்கிறது. பல போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசிக் கட்டமாகத்தான் தொடலாம் என்கிறது. நிலம் இல்லாத கூலிக்காரரையும் குத்தகைக்காரரையும்கூடப் பாதிக்கப்பட்டவர் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்க 1997-ஆம் வருஷத்துத் தனிச் சட்டம் வைத்திருக்கிறார்கள். அதை 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. அதே வருஷம் சட்டசபையில் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தார்கள். 2021-இல் உச்சநீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. இழப்பீடு உண்டு, மறுவாழ்வு உண்டு என்கிறார்கள். ஆனால் அந்த மதிப்பீடும் இல்லை, பாசன நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. நிலம் போகும் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் நம்மிடம் பேச வருகிறார்கள்.

ஆக, ஊரில் இருந்தால் வளர்ச்சிக்குத் தடை. டவுனுக்குப் போனால் ஆக்கிரமிப்பு. நாம் எங்கேதான் கால் வைப்பது?

வீடு கட்டித் தருகிறோமே என்பார்கள். 2024-இல் கலைஞர் கனவு இல்லம் என்று ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் அறிவித்தார்கள். நல்ல திட்டம். ஆனால் மனைக்குப் பட்டா வேண்டும். பட்டா இருக்கிறவன் எதற்கு ஓடைக்கரையில் குடிசை போடுகிறான்? மனையே இல்லாதவனுக்கு வீட்டுத் திட்டம் என்பது வாயில்லாதவனுக்கு வைத்த விருந்து.

முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. இதே தமிழ்நாட்டில் 1971-இல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிக்கு அந்த மனையே சொந்தம் ஆனது. அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு ஏன் முடியாது? 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்சநீதிமன்றம், பிழைப்பு என்பது உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்றது. மழைக்காலம் முடியும் வரை அகற்றாதே என்றும் சொன்னது. ஆனால் அந்த வழக்கிலும் கடைசியில் அகற்றுவதற்கு அனுமதி கிடைத்தது. அதனால்தான் சொல்கிறோம், கோர்ட்டை மட்டும் நம்பி வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது.

நாம் கேட்பது:

1. சரிவிலும் கரையிலும் இருப்பவர்களை மழைக்கு முன்னால் பாதுகாப்பான இடத்துக்கு மாற்று. முதலில் பட்டா, பிறகு வீடு, அதன் பிறகுதான் இடிப்பு.
2. மாற்று இடம் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பஸ் காசுக்கே கூலி போகிற பொட்டல் காடு வேண்டாம்.
3. கிராமத்தில் மனை இல்லாத ஒவ்வொரு குடும்பத்துக்கும் மனைப் பட்டா கொடு. அதில் பெண்கள் பெயரைச் சேர்.
4. விளைநிலத்தைத் தொடுவதற்கு முன் கிராம சபையைக் கேள். போராடிய விவசாயிகள் மேல் போட்ட வழக்குகளை வாபஸ் வாங்கு.

தோழர்களே, இந்த நோட்டீஸைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். எந்தச் சபை அடுத்து வருகிறதோ அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். மனை இல்லாதவர் பட்டியலைக் கையோடு எடுத்துப் போங்கள். தீர்மானம் போடச் சொல்லுங்கள், நகல் கேட்டு வாங்குங்கள். அந்த நகலோடு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு ஊர் ஊராகச் சேர்ந்து போவோம். தனி ஆளாகப் போனால் மனு, கூட்டமாகப் போனால் கோரிக்கை.

ஊருக்குச் சோறு போட்டவன் ஒண்ட இடம் கேட்கிறான். பிச்சை கேட்கவில்லை!

விளைநிலத்தைக் காப்போம்!
குடியிருக்கும் உரிமையை வெல்வோம்!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்!

இவண்,
உங்கள் விவசாய சங்கத் தோழர்கள்