பழம்பாட்டும் புதுமெட்டும்

மக்கள் நெஞ்சிற் பலகாலம் நிலைபெற்ற பாட்டொன்றைப் பிறிதொருவர் புதுமெட்டிற் பாடத் துணியுங்கால், கேட்போர் இருதிறத்தினராய்ப் பிரிதல் இயல்பு. ஒரு சாரார், "பழையதைக் கெடுத்தனர்" என்று முனிவர். மற்றொரு சாரார், "புத்துயிர் ஊட்டினர்" என்று போற்றுவர். இவ்வழக்கைத் தீர்த்தற்குத் திருவாசகத்தினும் சிறந்த சான்று தமிழில் இல்லை என்பது எம் துணிபு. அந்நூலைப் புதுமுறையிற் பாடுதல் குற்றமன்று. ஆயின் அங்ஙனம் பாடுவார்க்கு ஓர் எல்லை உண்டு. இவ்விரண்டையும் ஈண்டு எடுத்துக் காட்டுவோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்று ஆவுடையார்கோவில் என வழங்கும் ஊரே பழைய திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பெரும்பொருளோடு சென்ற அமைச்சர் வாதவூரர், அங்கே குருந்தமரத்தின் அடியிற் குருவைக் கண்டு ஆட்பட்டு, மாணிக்கவாசகர் ஆயினார் என்பது வழிவழி வழங்கும் வரலாறு. அவர் அருளிய திருவாசகம் 51 பகுதிகளை உடையது. தேவாரப் பதிகங்கட்குப் பண் வகுத்திருத்தல் போல இந்நூலுக்குப் பண் வகுக்கப்படவில்லை. ஓதுவார்கள் இதனை மோகன இராகத்தில் பாடிவருதல் மரபு. அம்மரபு பெரிதும் இனியது. இசைக்கருவிகளின் ஆரவாரமின்றி, சொல் சொல்லாக, நிறுத்தி நிறுத்தி ஓதுவார் ஒருவர் பாடுங்கால் கல்நெஞ்சும் கசியும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மரபு வேறு. ஆசிரியர் இட்ட கட்டளை வேறு. "இந்த இராகத்திலன்றிப் பாடலாகாது" என்று மாணிக்கவாசகர் யாண்டும் விதித்தாரில்லை.

விதியாமை மட்டுமன்று, அவரே பழைய மெட்டுக்களைக் கைக்கொண்டு புதியன பாடியவர். திருவம்மானை, திருப்பொற்சுண்ணம், திருத்தெள்ளேணம், திருச்சாழல், திருப்பூவல்லி, திருவுந்தியார், திருப்பொன்னூசல் என்னும் பெயர்களை நோக்குக. அம்மானைக்காயை எறிந்து பிடிக்கும் மகளிர் பாட்டு, உலக்கையால் சுண்ணம் இடிப்பார் பாட்டு, பூக்கொய்வார் பாட்டு, ஊசலாடுவார் பாட்டு ஆகிய இவையெல்லாம் முற்றத்திலும் தோட்டத்திலும் பெண்டிர் வாயில் வழங்கியவை. அவற்றின் நடையையும் தாளத்தையும் எடுத்து, விளையாட்டிற்கு உரியதை வழிபாட்டிற்கு உரியதாக்கினார் அடிகள். அக்காலத்தும், "உலக்கைப் பாட்டில் இறைவனைப் பாடுவதோ?" என்று எவரேனும் முகஞ்சுளித்திருத்தல் கூடும். அங்ஙனம் சுளித்தார் சொல்லை இன்று அறிவார் இல்லை. பாட்டு மட்டும் நிற்கின்றது.

ஒரு பாட்டை வேற்று மொழியில் வார்த்தலும் ஒருவகையில் அதனைப் புதிதாய்ப் பாடுதலேயாம். கிறித்துவ சமயத் தொண்டராய்த் தமிழ்நாடு போந்த ஜி. யு. போப் ஐயர், திருக்குறளை 1886-ஆம் ஆண்டிலும், நாலடியாரை 1893-ஆம் ஆண்டிலும் ஆங்கிலப்படுத்தி வெளியிட்டு, தம் எண்பதாம் அகவையில், 1900-ஆம் ஆண்டில், திருவாசகத்தையும் அம்மொழியில் வெளியிட்டார். சமயத்தால் வேறுபட்ட ஒருவர் முதுமையில் அப்பெரும்பணியை மேற்கொண்டது, பாட்டின் உருக்கம் சமய வேலியைக் கடந்து சென்றமையாலன்றோ? போப் ஐயரின் மொழிபெயர்ப்பில் தமிழின் ஓசை இல்லை; இருத்தலும் இயலாது. ஆயினும் தமிழறியாதார்க்குத் திருப்பெருந்துறையின் பெயரை அறிவித்தது அதுவே.

அவர்க்குப் பின் ஒரு நூற்றாண்டு கழித்து, 2005-ஆம் ஆண்டில், இசையமைப்பாளர் இளையராஜா மேனாட்டுச் சிம்பொனி முறையில் திருவாசகத்திற்கு இசையமைத்தார். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர் அதனை வாசித்தனர். கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பர் ராஜ் தலைமையில் இயங்கிய தமிழ் மையம் அம்முயற்சிக்குத் துணைநின்றது. யாத்திரைப்பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து என்னும் ஆறு பகுதிகளினின்றும் பாடல்கள் தெரிந்தெடுக்கப்பெற்றன. சிவபுராணப் பாடலினிடையே அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் இயற்றிய ஆங்கில அடிகளும் விரவி வருகின்றன.

இதனை ஏற்காதார் பலர். கோயிலுக்குரியதை அரங்கிற்குக் கொணர்ந்தமை முறையன்று என்பர். வயலின் கூட்டத்தின் நடுவே தமிழ் நலிந்தது என்பர். இரண்டாவது கூற்றில் சிறிது உண்மை உண்டு. சிற்சில இடங்களிற் கருவிகளின் முழக்கத்துள் சொல் அமிழ்ந்துபோகின்றது. ஆயினும் எமக்கு இதில் உவப்பான பகுதி அச்சப்பத்தே. உலகத்தார் அஞ்சும் பொருள்களுக்கெல்லாம் அஞ்சேன் என்று கூறி, அன்பிலாரைக் கண்டே அஞ்சும் ஒரு நெஞ்சின் வீறு அப்பதிகத்தின் உயிர். பெருங்குழுவின் இசை அவ்வீற்றினைத் தனிக்குரலினும் மிகுத்துக் காட்டுகின்றது. சிவபுராணத்தைக் கேட்க விழைவோர்க்கோ, ஓதுவாரின் தனிக்குரலையே பரிந்துரைப்போம். தாழ்ந்து இரங்கும் பாட்டிற்குத் துணைக்கருவி எத்துணைக் குறையுமோ அத்துணை நன்று.

எனின், புதுமெட்டின் எல்லைதான் யாது? அதனை ஆசிரியரே உரைத்துப் போந்தார். பாட்டின் பொருளை உணர்ந்து சொல்வார்க்கே பேறு என்பது சிவபுராணத்தின் முடிவிற் காணும் கருத்து. மெட்டைப் பற்றி அங்குப் பேச்சில்லை. பொருளைப் பற்றியே பேச்சு. ஆதலின், கேட்டு முடித்தவன் நெஞ்சிற் பாட்டின் பொருள் தங்குமாயின் அப்புதுமெட்டு நன்று; இசை மட்டும் தங்கிப் பொருள் நழுவுமாயின் அது தீது.

இவ்வளவை பழைமை போற்றுவார்க்கும் ஒக்கும். தாய்லாந்து நாட்டின் பாங்காக்கு நகரில், அரண்மனைப் பிராமணர்கள் திரியம்பாவாய் என்னும் விழாவில் திருவெம்பாவைப் பாட்டுக்களை ஓதும் வழக்கம் உண்டு. அவ்விழாவைச் சார்ந்த பேரூசலாட்டம் 1935-ஆம் ஆண்டோடு நின்றது, ஓதுதல் நிற்கவில்லை. கடல்கடந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக அப்பாட்டைக் காத்தது வியப்பிற்குரியது. ஆயினும் ஒலி மிகத் திரிந்து, ஓதுவார்க்கே பொருள் விளங்காத மந்திரமாயிற்று அது. மாற்றாமற் காத்தல் ஒன்றே போதும் என்பார்க்கு இது தக்க விடை.

அத்தொலைநாட்டை நோக்கி நாம் நகைத்தல் வேண்டா. நம் வீடுகளிலும் இறந்தார் முன்னிலையில் ஒலிபெருக்கி சிவபுராணம் பாடுகின்றது; சூழ்ந்திருப்பாருள் பொருளறிந்து கேட்பார் எத்துணைப் பேர்?

ஆவுடையார்கோவிற் கருவறையில் இலிங்கத் திருமேனி இல்லை. ஆவுடை மட்டுமே உண்டு. ஆன்மநாதர் அங்கே அருவமாய் வழிபடப் பெறுகின்றார். புழுங்கலரிசிச் சோற்றைச் சூடாறாமற் படைகல்லிற் பரப்பி, அதன் ஆவியையே நிவேதனமாக்குவர். உருவத்தை விடுத்து உயிரைப் பற்றும் அவ்வூரிற் பிறந்த பாட்டிற்கு ஒரே மெட்டென்னும் உருவம் வேண்டுமென வற்புறுத்தல் பொருந்துமோ? அன்றியும், சோறு ஆறிப்போயின் ஆவி இல்லை. பொருளுணர்ச்சி ஆறிப்போன பாட்டும் அத்தகையதே. மெட்டுப் பழையதாயினும் புதியதாயினும் அக்குறை நீங்காது.

ஆதலின், மாணவ நண்பர்காள், புதியதைக் கேட்க அஞ்சற்க. கேட்குமுன் நூலை ஒருமுறை பொருளறிந்து கற்க. அண்மையிலுள்ள கோயிலில் ஓதுவார் ஒருவர் இருப்பின், சமய வேறுபாடு கருதாது சென்று செவிசாய்க்க. மூலத்தை அறிந்தவனே மாற்றத்தின் நன்மை தீமையை உணர்வான். அறியாதவன் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒருதன்மையனவே.